கிடை போட்ட மூலை

தை அறுப்பு முடிந்த கையோடு எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் பெரிய படிப்புப் படிக்கிறவள். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டாள். ஏழைக் குடும்பத்தில் பிறந்து மேலே வந்தவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், வராதவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

அப்போது என் வீட்டு வாசலில் மூன்று பேர் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தோம். நான், வசந்தா, மல்லிகா. அவர்கள் இருவரும் ஒரே வயது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்கள். வசந்தாவுக்குச் சொந்த நிலம் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது, மகள் தஞ்சாவூரில் நர்ஸ். மல்லிகா இன்றைக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். தகரம் போட்ட வீடு.

"இன்னைக்கே கிடைக்கிற கொஞ்சம் வேணுமா, மூணு மாசம் கழிச்சுக் கிடைக்கிற நிறைய வேணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இன்னைக்கே குடு" என்றாள் வசந்தா.

"இப்பவே குடுத்துட்டுப் போம்மா. மூணு மாசம் கழிச்சு உன்னை நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றாள் மல்லிகா.

சரியாக வராத பயிருக்கு மேற்கொண்டு உரம் போடுவீர்களா, விட்டுவிடுவீர்களா? இருவரும் போடுவோம் என்றார்கள். உங்கள் வயல் பக்கத்து வயலைவிட நன்றாக விளையும் என்று நினைப்பீர்களா?

"பின்ன?" என்றாள் வசந்தா.

"எனக்கு வயலே இல்ல. இருந்தா இவளதவிட நல்லாத்தான் விளையும்" என்றாள் மல்லிகா.

இப்படியே கேள்விகள் போயின. கடைசியில் அந்தப் பெண் டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் ஒரே பதிலா சொல்றீங்க. அப்புறம் எப்படிம்மா இவங்க மட்டும் மேல வந்தாங்க?"

வசந்தா புளிக் கையைத் துடைத்துக்கொண்டு தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "புத்திதான்."

மல்லிகா தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆட்டுப் புழுக்கை" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். ஆனால் மல்லிகா சொன்னது கேலி இல்லை. நடந்தது அதுதான். அதைத் தலை முதல் கால் வரை பார்த்தவள் நான். அந்தப் பெண் போன பிறகும் அவள் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள் நான். ஒரு வரி எழுத ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆகும். என் மகள் பிழை திருத்தித் தருகிறாள். எனக்கு அவசரம் இல்லை.

நான் கீழ்வேளூர் பக்கத்துக்காரி. அரசு விதைப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எட்டு வயதில் அம்மாவோடு களை பறிக்கப் போனது, கல்யாணம், பிள்ளைகள், தினக்கூலி எல்லாம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் உள்ள கதைதான். பண்ணையில் என்னை எடுத்துக்கொண்டது என் கண்ணுக்காக. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கலவன் எடுப்பதில் தனபாக்கியம் கண் என்றால் நாகப்பட்டினம் வரைக்கும் பேர் இருந்தது.

கலவன் என்றால், விதைக்காக வளர்க்கிற நெல் வயலில் வேறு ரகம் ஒன்றிரண்டு தலைகாட்டுமே, அந்தப் பயிர். அதை விட்டுவைத்தால் விதை முழுவதும் கெட்டுவிடும். சாப்பாட்டு நெல்லில் கலந்தால் சோறாகிப் போகும், விதையில் கலந்தால் அடுத்த வருடம் நூறு வயலுக்குப் போகும். அதனால் பூப்பதற்கு முன்பும் பூக்கும்போதும் வயலுக்குள் இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, பிடுங்கி எடுக்க வேண்டும். கதிரை மட்டும் ஒடித்தால் போதாது, அடியில் மறுபடியும் தூர் கட்டும். வேரோடு வர வேண்டும். வந்ததை வரப்பில் போடக்கூடாது, வயலைவிட்டே வெளியே கொண்டுபோய் மாட்டுக்குப் போட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். கண் என்பது பெரிய ஏமாற்றுக்காரன். உயரமான ஒன்றைப் பிடுங்கினால், அதுவரை சாதாரணமாக நின்ற அடுத்தது உயரமாகத் தெரியும். அதையும் பிடுங்கினால் அதற்கு அடுத்தது. புதிதாக வருகிற பெண்கள் இப்படியே பிடுங்கிப் பிடுங்கி நல்ல பயிரைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்னொன்று, வரப்போரப் பயிர். வரப்பை ஒட்டி நிற்பதற்கு வெயிலும் காற்றும் ஒரு பக்கம் தாராளமாகக் கிடைக்கும், வேர் விட இடம் இருக்கும். அது நடுவயல் பயிரைவிட ஒரு சாண் உயர்ந்து, கருகருவென்று நிற்கும். முதல் பார்வைக்குக் கலவன்தான். ஆனால் விதை அதே விதை. நின்ற இடம்தான் வேறு.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை, ஆனால் சொல்ல வைத்தவர் ஒருவர் உண்டு. பண்ணை மேலாளராக வந்த சபாபதி சார். ஒல்லியான மனிதர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். மழை பெய்தாலும் அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். எது சொன்னாலும், "எதை வச்சும்மா சொல்றீங்க?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நாங்கள் நன்றாகப் பார்க்கப் பழகினோம்.

அவருடைய முறை இப்படி. காலையில் பனி காய்ந்ததும் வயலுக்குப் போக வேண்டும். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், எதிர்வெயிலில் எல்லாப் பயிரும் ஒரே நிறம். இறங்குவதற்கு முன் வரப்பில் குந்தி, கண்ணைப் பயிரின் தலை மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை பார்க்க வேண்டும். அப்புறம் கை நீட்டுகிற தூரம் விட்டு வரிசையாக இறங்க வேண்டும். வெறுங்கையோடு கரை ஏறினவளை அவர் ஒருநாளும் திட்டினதில்லை. பெரிய கட்டோடு ஏறினவளைத்தான் நிறுத்திக் கேட்பார்.

சந்தேகம் வருகிற வயலில் அவர் இன்னொன்று செய்வார். எங்களை ஒவ்வொருவராகத் தனியே வரப்புக் கடைசிக்குக் கூப்பிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று காதோடு கேட்பார். புதிதாக வந்தவளை முதலில் கேட்பார், என்னைக் கடைசியில்.

எனக்கு முதலில் ரோஷமாக இருந்தது. "என்ன சார், என்னை வாலுல கட்டிட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்க முதல்ல வாயைத் திறந்தா மத்தவங்க கண்ணு மூடிக்குதும்மா" என்றார். அது எனக்குப் பெருமையா குறையா என்று இன்றுவரை பிடிபடவில்லை. பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

என் கூட்டத்தில்தான் வசந்தாவும் மல்லிகாவும் இருந்தார்கள். ஒரு தை மாதம் இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். சென்னைக்குக் குடிபோன ஒரு நிலக்காரரிடம் ஆளுக்கு மூன்று மா, அதாவது ஆளுக்கு ஒரு ஏக்கர், குத்தகைக்குப் பேசினார்கள். அடுத்தடுத்த வயல், நடுவில் ஒரே வரப்பு. எங்கள் தெருவில் அதுவரை பெண் பேரில் யாரும் நிலம் பிடித்ததில்லை. சபாபதி சாரே முன்னின்று இருவரையும் பண்ணைக்கு விதை உற்பத்தி செய்கிறவர்களாகப் பதிந்துகொடுத்தார். வயல் தேறினால் விதை விலை, தேறாவிட்டால் சாதா நெல். சாதா நெல் விலைக்குப் போனால் குத்தகை கட்டியது போக ஒன்றும் நிற்காது, அடுத்த வருடம் நிலக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். இதுதான் நிலவரம்.

டீக்கடையில் கேலி பறந்தது. "நடவுக்காரிங்க விதைக்காரி ஆயிட்டாங்கடோய். இனிமே நமக்கு யாரு நடுறது?"

"உங்க பொண்டாட்டிய அனுப்புங்க, நான் கூலி தரேன்" என்று மல்லிகா திருப்பிக் கொடுத்தாள். வாய் அவளுக்குத்தான். வசந்தா முறைத்துக்கொண்டு போய்விடுவாள்.

வயலில் அப்போது உளுந்து நின்றது. பங்குனியில் காய் முற்றியது. முதல் காயோடு செடியைப் பிடுங்கிவிடலாம், அல்லது கொஞ்சம் பொறுத்தால் இரண்டாவது முறை காய்க்கும். இருவரும் பொறுப்பது என்றுதான் முடிவு செய்தார்கள். ஆனால் வசந்தாவின் அண்ணன் மகளுக்குப் பட்டுக்கோட்டையில் காதுகுத்து வந்தது. அத்தைக்காரி என்பதால் அவள் முன்கூட்டியே போக வேண்டும். போவதற்கு முன் வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும் என்று தென்மேற்கு மூலையில் மட்டும் உளுந்தைப் பிடுங்கி அடித்தாள். மீதியைத் திரும்பி வந்து பார்க்கலாம் என்று விட்டாள்.

அவள் ஊரிலிருந்து திரும்பின அன்று ஒரு கீதாரி தன் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கோடையில் ஆடு ஓட்டி வருகிறவர்களைக் கீதாரி என்போம். அறுத்த வயலில் வலை கட்டி மந்தையை இரவெல்லாம் அடைத்து வைப்பார்கள். அதுதான் கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால் அதற்கு மேல் உரம் கிடையாது. பெரிய பண்ணைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வயல் முழுக்க நாள் கணக்கில் கிடை போடுவார்கள். இந்தக் கீதாரியும் அப்படி ஒரு பெரிய பண்ணைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஆடு களைத்துவிட்டது, ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டார்.

வசந்தாவும் மல்லிகாவும் சேர்ந்துதான் அவருக்குச் சோறு வடித்தார்கள். மல்லிகா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கிடையை எங்கே போடுவது? மல்லிகா வயல் முழுக்க உளுந்து நின்றது. வசந்தா வயலில் அந்த மூலை மட்டும் காலி. அங்கே வலை கட்டினார்கள். விடிந்ததும் மந்தை போய்விட்டது.

ஆவணியில் இருவரும் ஒரே மூட்டை விதையை ஒரே நாற்றங்காலில் விட்டார்கள். புரட்டாசியில் ஒரே நாளில் நடவு. கார்த்திகை பிறந்தபோது இரண்டு வயலும் பச்சைப் பாய் விரித்தது போல நின்றன. சான்று கொடுக்கிற அதிகாரி வருவதற்கு முன்பு, பண்ணைக் கூட்டமாக நாங்கள் கலவன் பார்க்கப் போனோம்.

மல்லிகா வயலில் குந்திப் பார்த்தேன். தலை மட்டம் கயிறு பிடித்தது போல இருந்தது. கதிர் வெளியே வந்து அங்கங்கே பூவெடுக்கத் தொடங்கியிருந்தது. வசந்தா வயலுக்கு வந்து குந்தினேன். தென்மேற்கு மூலை தனியாக எழும்பி நின்றது. மற்றதைவிட ஒரு சாண் உயரம், நிறம் கறுத்துக் கிடக்கிறது, ஒரு கதிர்கூட வெளியே வரவில்லை. தோகைக்குள்ளே கதிர் புடைத்து நிற்கிறது. தொண்டைக்கதிர் என்போம் அதை.

உயரமாக இருந்தால் கிடை போட்ட வளப்பம் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு வயலில் ஒரு மூலை மட்டும் உயரமாகவும் இருந்து, பூக்கவும் பிந்தினால், அது வேறு சங்கதிக்கும் அடையாளம். நாற்று பற்றாமல் கடைசி மூலைக்கு வேறு ஆளிடம் நாற்று வாங்கி நட்டால் சரியாக இப்படித்தான் நிற்கும்.

சபாபதி சார் வசந்தாவைக் கூப்பிட்டார். "நாத்து பத்தலியாம்மா?"

"சார், என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் வெளி நாத்து வாங்கல."

"நீங்க வாங்கலம்மா. நட்ட அன்னிக்கு யாராவது நாத்து முடிய மாத்திப் போட்டிருக்கலாமா?"

வசந்தா உடனே இல்லை என்று சொல்லவில்லை. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "வாய்க்கால்ல எங்க நாத்துக் கட்டோட வேற வயக்காரங்க முடியும் கிடந்துச்சு சார். நான் முன்னால நட்டுட்டுப் போயிட்டேன். பின்னால பரப்புனது யாருன்னு தெரியல" என்றாள்.

சார் தன் வழக்கப்படி ஒவ்வொருத்தியாக வரப்புக் கடைசிக்குக் கூப்பிட்டுக் கேட்டார். மல்லிகாவையும் கேட்டார். வயல் யாருடையது என்று பார்க்க மாட்டார், கூட்டத்தில் வந்தால் கூட்டத்து ஆள்தான். கடைசியில் நான்.

"உசரம் கிடையால வரும் சார். பிந்துறதும் அதனாலேயே வரலாம், வளப்பம் மிஞ்சுனா பயிரு பூக்க மறக்கும். ஆனா கலவன் இல்லன்னு என்னால கையடிச்சுச் சொல்ல முடியல" என்றேன்.

"எனக்கும் முடியலம்மா" என்றார் அவர். வேளாண்மை படித்து அத்தனை வருடம் வயலில் கழித்த மனிதர் அப்படிச் சொன்னபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடிப்போனது.

பிறகு வசந்தாவிடம் வந்து நிதானமாகச் சொன்னார். "அந்த மூலைய இப்பவே அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டா, மிச்ச வயல் தேறும். அது நிச்சயம். விட்டு வச்சா, பூத்த பிறகு ஒரே ரகம்னு தெரிஞ்சா முழு வயலும் தேறும். வேற ரகமா இருந்தா முழு வயலும் போயிடும். நான் அறுக்கச் சொன்னா அது என் பயம். விடச் சொன்னா அது என் வீறாப்பு. ரெண்டுக்கும் கஞ்சி குடிக்கப்போறது நீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

நாங்கள் எல்லாரும் வரப்பில் நின்றோம். வசந்தா மட்டும் சேற்றில் இறங்கி அந்த மூலைக்குப் போனாள். ஒரு பயிரின் தோகையை விரலால் தடவினாள். புடைத்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. கணக்கு ஓடியிருக்கும் என்று நான் நம்பவில்லை. திரும்பி வந்தாள்.

"வேணாம் சார். விட்டுடுங்க."

"எதை வச்சும்மா சொல்றீங்க?"

"சூல் கொண்டு நிக்குது சார். வயித்துப் பிள்ளைக்காரி மேல அருவா வைப்பாங்களா?"

கூட்டத்தில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "இதெல்லாம் ஒரு காரணமாடி? இந்தப் புத்தியாலதான் நாம இப்படியே கிடக்கிறோம்." சார் குடையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த நாள் சாயங்காலம் மழை பிடித்தது.

கார்த்திகை மழை எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் அந்த மழை காலையிலும் விடவில்லை. நெல் பூப்பது வெயில் ஏறின பிறகு கொஞ்ச நேரம்தான். உமி இரண்டும் பிளந்து, மகரந்தம் வெளியே வந்து, கொஞ்சத்தில் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் மழை அடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், உள்ளே அரிசி கட்டாது. ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே பெய்தது. சான்று அதிகாரி வரமுடியவில்லை. ரோட்டிலேயே தண்ணீர் ஓடியது.

மழை விட்ட பிறகு போனோம். மல்லிகா வயலும் வசந்தா வயலும் பூத்து முடித்து மூடிக்கொண்டு நின்றன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மூலையில் அப்போதுதான் கதிர் தலைகாட்டியிருந்தது. கழுவிவிட்ட ஆகாயம், நல்ல வெயில். எங்கள் கண்ணெதிரே அது பூத்தது. வரப்பில் நின்றாலே வாசம் வந்தது.

அதிகாரி வந்தார். சபாபதி சாரும் அவரும் மூலைக் கதிரையும் நடுவயல் கதிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நெல்லின் மூக்கு, கதிரை ஒட்டின கண்ணாடித் தோகை, கணு நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரே ரகம். கலவன் இல்லை. வயல் தேறியது. மல்லிகா வயலும் தேறியது. வசந்தா அழுதாள். மல்லிகாதான் அவளைக் கட்டிக்கொண்டு, "அழுவாதடி, மூக்குல வர்றது பயிருல விழப்போவுது" என்றாள்.

கதிர் முற்றின காலத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? இந்த வயதிலும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அரிசி கட்டாத பதர் கனக்காது. கனக்காத கதிர் குனியாது. மல்லிகா வயல் ஒரு ஏக்கரும் கதிரை நிமிர்த்திக்கொண்டு நின்றது. வசந்தா வயலிலும் முக்கால் பாகம் அப்படியே நிமிர்ந்து நின்றது. அந்த மூலை மட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக எழும்பி நின்று எங்களைப் பயமுறுத்திய அந்த மூலை மட்டும், கனம் தாங்காமல் எல்லாவற்றையும்விடக் கீழே குனிந்து கிடந்தது.

வரப்பிலிருந்து பார்த்தால் வலை கட்டின கோடு தெரிந்தது. சதுரமாக, ஒரு ராத்திரி ஆடு படுத்திருந்த அளவுக்கு.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் தேறின விதையே குறைவு. வசந்தாவின் மூலையில் கண்டது குத்தகைக்கும் போதுமாக இருந்தது, அடுத்த வருடம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளவும் போதுமாக இருந்தது. மல்லிகா குத்தகை கட்டக் காதுத் தோட்டை விற்றாள். நிலம் கைமாறியது. தைக்கு அவள் மறுபடியும் கூலிக்கு வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு வசந்தா செய்த தப்புகளை நான் பட்டியல் போட்டால் அவள் என்னோடு பேச மாட்டாள். தண்ணீர் வந்துவிடும் என்று முன்கூட்டியே நாற்று விட்டுக் கருக விட்டாள். ஓடாத உழவு இயந்திரம் ஒன்றை வாங்கி, வாங்கிவிட்டோமே என்பதற்காக அதற்கு மேலும் மேலும் செலவு செய்தாள். ஒன்றும் அவளைக் கவிழ்க்கவில்லை. முதல் வருடம் காலூன்றியவளுக்கு அடுத்த தப்பு வெறும் தப்பு, எழுந்து நடக்கலாம். மல்லிகாவுக்குத் தப்பு செய்யவே இடம் இல்லை. ஒரே ஒரு தப்பான மழை, அதுவும் அவள் செய்ததில்லை.

ஊர் அப்படிச் சொல்லவில்லை. "வசந்தா மழையைக் கணக்குப் பண்ணித்தான் மூலையை விட்டுவச்சா, அவ புத்தி யாருக்கு வரும்?" என்று பேச ஆரம்பித்தது. அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவளே அப்படிச் சொன்னாள். இரண்டு மூன்று வருடம் கழித்து வசந்தாவே அதை நம்பத் தொடங்கினாள். இன்றைக்கு அவளைக் கேட்டால், மேகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம்.

பெரிய பண்ணைக்காரர் வயல்களை நான் அதற்குப் பிறகு வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அவர்கள் வயல் முழுக்கக் கிடை போட்டவர்கள். எல்லாப் பயிரும் ஒரு சாண் உயரம், எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மட்டம். அங்கே குந்திப் பார்த்து யாரும் கலவனா என்று சந்தேகப்பட்டதில்லை. யாரையும் சத்தியம் பண்ணச் சொன்னதில்லை. ஒரு மூலைக்கு மட்டும் முடிந்தவளைத்தான் நாங்கள் நிறுத்திக் கேட்டோம்.

சபாபதி சார் மாற்றலாகிப் போன அன்று பண்ணை வாசலில் எல்லாருக்கும் கைகூப்பிவிட்டு, என்னிடம் மட்டும் தனியே ஒன்று சொன்னார். "அன்னிக்கு வசந்தா வயல்ல மல்லிகா என் காதுல என்ன சொன்னாங்க தெரியுமாம்மா? 'சூல் பயிரு மேல அருவா வைக்கக் கூடாது சார், என் வயலா இருந்தா விட்டுடுவேன்'னாங்க. வசந்தா வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி."

ஒரே மூட்டை விதை, ஒரே நாற்றங்கால், ஒரே வார்த்தை. நடுவில் ஒரு வரப்பு, ஒரு காதுகுத்து, ஒரு ராத்திரி ஆடு. இவ்வளவு பெரிய வாழ்க்கை இவ்வளவு சின்ன ஒன்றின் மேல் திரும்பி உட்கார்ந்துவிடுகிறதே என்று அன்றைக்குப் பிடித்த மலைப்பு இன்னும் என்னைவிட்டு இறங்கவில்லை.

நான் எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் தை போய்க் கார்த்திகை வந்துவிட்டது. இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. மல்லிகாவின் மகள் கலா இரண்டு மா குத்தகைக்குப் பிடித்து விதைக்குப் பதிந்திருக்கிறாள். வசந்தாதான் அலைந்து பதிந்துகொடுத்தாள். கோடையில் கீதாரி வந்தபோது, தன் வயலுக்குச் சொல்லியிருந்த மந்தையை முதலில் கலா வயலுக்குத் திருப்பிவிட்டதும் அவள்தான். வயல் முழுக்கக் கிடை. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, மல்லிகாவும் பேசவில்லை. மல்லிகா கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

நேற்றுக் காலையில் பனி காய்ந்ததும் மூன்று பேரும் அந்த வயலுக்குப் போனோம். எனக்கு இப்போது குந்தினால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஆனாலும் குந்தினேன். சூரியன் முதுகில். தலை மட்டம் கயிறு பிடித்தது போல இருந்தது. வரப்போரத்தில் மட்டும் ஒரு வரிசை எழும்பி நின்றது.

"அக்கா, அந்த ஓரத்துல நிக்குதே" என்றாள் மல்லிகா. வாய்த்துடுக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"வரப்போரம்டி. அதே விதைதான்."

எழுந்து இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். வயல் முழுக்கத் தொண்டைக்கதிர். இன்னும் ஒரு நாள், இரண்டு நாளில் வெளியே வந்து பூவெடுக்கும். கிழக்கே, கடல் பக்கம், மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மேகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறவள் ஒன்றும் சொல்லவில்லை. மல்லிகாவின் தோள் அசையாமல் இருந்தது. வசந்தாவின் தோள்தான் என் கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது.